புரட்டாசியில் பிறந்த வருசம்

திங்கள் காலை ரயிலில், ரானுயி நிலையத்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே அமர்ந்தார்கள். மூத்தவரின் மடியில் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது.

"என்ர காருக்குப் புரட்டாசியிலதான் வருசம் பிறக்கும்," என்றார் அவர்.

"என்னக்கா சொல்றீங்க?"

"பழைய அமெரிக்கக் கார் எல்லோ. அங்க அடுத்த வருச மொடலை முந்தின வருசம் புரட்டாசியிலயே செய்யத் துவங்கிடுவாங்கள். என்ர கார் செய்தது ஐம்பத்தொன்பதில, மொடல் அறுபது. ஐம்பத்தொன்பது மொடலுக்குப் பின்பக்கம் இறக்கை மாதிரி நிக்கிற செட்டை நல்ல உயரம். அறுபதுக்குக் குறைச்சிட்டாங்கள்."

"சரி, அதுக்கென்ன?"

"நேற்றுப் பக்குரங்காவில நடந்த கார் ஷோவில, நடுவர் கார்ப் பத்திரத்தில செய்த வருசம் ஐம்பத்தொன்பது எண்டு பாத்திட்டு, 'செட்டையை வெட்டிப்போட்டீங்கள், பரிசில்லை' எண்டார்."

"ஐயையோ! விட்டுட்டீங்களா?"

"விடுறதோ? எங்களுக்குச் சித்திரையில வருசம் பிறக்குது, காருக்குப் புரட்டாசியில பிறக்கக் கூடாதோ எண்டு கேட்டன். பொனட்டைத் திறந்து, கார் செய்த கொம்பனி அடிச்ச இலக்கத் தகட்டைக் காட்டினன். இலக்கமே அறுபதிலதான் துவங்குது."

"அந்தாளு என்ன சொன்னாரு?"

மூத்தவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"குனிஞ்சு வாசிச்சார். நிமிர்ந்து எனக்குக் கை குடுத்து, 'ஹாப்பி நியூ இயர்' எண்டார்."