அளவுக்கு மேல் இழுக்காதவர்

"பெருமாளே வந்து இழுடான்னு சொன்னாலும் இழுக்க மாட்டேன்."

துளசி மாலையோடு ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு, பஸ்ஸில் முன்சீட்டு இளைஞர் சொன்ன இந்தப் பேச்சு சுருக்கென்றது. பக்கத்தில் அவருடைய அக்கா. இருவரும் வடக்குப்பட்டில் ஏறியவர்கள்.

"வாயக் கழுவுடா. எண்ணெய்க் கிணத்துல வேலை கெடைக்கிறது லேசா? ஆபீசர்கிட்ட மன்னிப்பு கேட்டா திரும்பச் சேத்துக்குவாங்களாம். கூட வேலை செய்ற உங்க மாமா, என் வூட்டுக்காரரே சொல்லி அனுப்பிச்சாரு."

"கிணத்துக்குள்ள பம்பு ராடு சிக்கிக்கிச்சுக்கா. இவ்ளோ பாரத்துக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு ஒரு அளவு கீது. பழைய ராடுன்னா அது இன்னும் கொறையும். மீட்டர் முள்ளு அந்த அளவத் தொட்டதும் நிறுத்திட்டேன். ஆபீசரு புது ராடு கணக்கச் சொல்லி இன்னும் இழுன்றாரு. உள்ள கீறது பழசு."

"அறுந்தா அறுந்துட்டுப் போவுது. அது இன்னா உங்கப்பன் வூட்டு ராடா?"

"அறுந்தா மேல கீற துண்டு துள்ளும்க்கா. கிணத்து வாய்கிட்ட நிக்கிற ஆள அடிச்சுப் போட்டுடும்."

"எவன்டா அங்க போயி நின்னுக்கினு இருந்தான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா உன்கிட்ட சொல்லலியா?"

கோபுரம் தெரிந்ததும் அந்த அம்மாள் கை கூப்பிக் கண்ணை மூடினார். பிறகு தம்பியின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"மன்னிப்பு கின்னிப்பு கேட்டே, என் வூட்டுப் படி ஏறாத. சொல்லி அனுப்பிச்ச மனுசன நான் பாத்துக்கறேன்."