எலுமிச்சம்பழத்தை நம்பி நின்ற டிராம் வண்டி

திண்டிவனம் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 9-9-1958 செவ்வாய்க்கிழமை பதிவு செய்யப்பட்டது.

பெயர் தாண்டவராயன். தகப்பனார் பெயர் முத்துசாமி, காலமாகிவிட்டார். வயது 46. வளையல், ரிப்பன், சீப்பு வியாபாரம். படிப்பு மூன்றாம் பாரம், அதிலும் ஒரு தடவை பெயில். இருப்பு விழுப்புரம், கீழ்ப்பெரும்பாக்கம்.

நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம், சொல்லியே தீரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்று மாஜிஸ்திரேட் அவர்கள் எனக்கு விளக்கினார்கள். யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வந்தார்களா என்று கேட்டார்கள். என் மகள் கிருஷ்ணவேணி அழைத்து வந்தாள், மிரட்டவில்லை என்று சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நாளாக எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை என்று சொன்னதன்பேரில் நின்றபடி சொல்ல அனுமதித்தார்கள்.

திண்டிவனத்தில் ஏரிக்கரையை ஒட்டிய பள்ளமான நிலத்தில் சீனுவாசன் என்பவர் சென்ற வருஷம் புது மார்க்கெட் கட்டினார். நாங்கள் அவரை முதலாளி என்று கூப்பிடுவோம். ஒரே கூரையின்கீழ் ஜவுளி, மளிகை, பாத்திரம், மருந்து, காப்பிக் கடை எல்லாம் உண்டு. மேலே மின்சார விசிறி சுற்றும். ஆனால் ரயிலடியிலிருந்து ஒரு மைல் நடக்க வேண்டும். நம் ஜனங்கள் மயிலத்துக்கு நடந்தே வந்து மலையும் ஏறுவார்கள், அங்கே முருகன் இருக்கிறான். சீப்பு வாங்க ஒரு மைல் நடக்கமாட்டார்கள். ஆகையால் மார்க்கெட்டில் விசிறிக் காற்று வாங்கியது கடைக்காரர்கள் மட்டும்தான்.

அதன் பிறகு முதலாளி, கல் குவாரியில் கல் இழுத்துக் கழித்துப்போட்ட சின்னத் தண்டவாளத்தை வாங்கி வந்து, ரயிலடிக்குப் பக்கத்து மேட்டிலிருந்து மார்க்கெட் வாசலுக்கு உள்ளே வரை போட்டார். அதன்மேல் ஓடுவதற்குப் பெஞ்சும் கூரையும் வைத்து ஒரு வண்டி செய்தார். பட்டணத்தில் நின்றுபோன டிராம் திண்டிவனத்தில் ஓடப்போகிறது என்று நோட்டீஸ் அடித்தார். மார்க்கெட்டுக்குப் போகும்போது சரிவில் வண்டி தானாக இறங்கும். ஒரு ஆள் முன்னால் நின்று பிரேக்குத் தடியை அழுத்தி மெதுவாக இறக்குவான். திரும்பும்போது இரண்டு மாடுகள் மேட்டுக்கு இழுத்து வரும். மேட்டில் நிற்கும்போது ஓடிவிடாமல் இருக்க முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

வண்டியை இறக்கும் வேலைக்கு பச்சைமுத்து என்பவனை வைத்தார்கள். குவாரியில் டிராலி ஓட்டிப் பழகியவன். அவன் தகப்பனார் விருத்தாசலம் ரயிலடியில் ஜட்கா வண்டி வைத்திருப்பவர். டிராம் வந்தால் ஜட்காவுக்குச் சவாரி போய்விடும் என்று ஜட்காக்காரர்கள் முதலாளி வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டது எல்லோருக்கும் தெரியும். இதை வைத்துத்தான் இப்போது பச்சைமுத்துமேல் கேசு.

நான் விழுப்புரத்தில் கடை வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன். தண்டவாளம் முடிகிற இடத்துக்கு நேர் எதிர்க் கடை எனக்குத்தான் வேண்டும் என்று முதலாளியிடம் மன்றாடி வாங்கினேன். வண்டியைவிட்டு இறங்குகிற பெண்கள் முதல் அடியை என் கடையில்தான் வைக்க வேண்டும் என்பது என் யோசனை. அதைக் கேட்டு என் சம்சாரம் கெங்கம்மாள், "டிராம்ல வர்றவங்க எறங்கினதும் ஒன் மூஞ்சிலதான் முழிக்கணுமா? பாவம்" என்றாள். இருந்தாலும் கடைக்குக் கண்ணாடி அலமாரி வாங்கத் தன் தாய்வீட்டு அண்டாவைக் கொடுத்தாள்.

22-8-1958 வெள்ளிக்கிழமை காலை திறப்பு விழா வைத்திருந்தார்கள். நானும் என் சம்சாரமும் மகளும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வந்து மேட்டுக்குப் போனோம். வாழைக்கன்று கட்டி மாவிலை கட்டி வண்டி நின்றது. இருபது பேர் உட்காரும் வண்டியில் அதைப்போல இரண்டு பங்கு ஜனம் ஏறியிருந்தது. மேளக்காரர்கள் பின்னால் இருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து வரவேண்டிய அதிகாரி வரவில்லை. பத்தரை மணிக்கு ராகு காலம். முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். ஜனங்கள் ஏறுவதும் இறங்குவதும் இடம் மாறுவதுமாக இருந்தார்கள். யாருக்கும் நிலைகொள்ளவில்லை.

அதன் பிறகு பூஜை போட்டார்கள். புது வண்டி எதுவானாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுப்பது நம் வழக்கம். முன் சக்கரத்தடியில் கட்டை இருந்தபடியால் பழம் வைக்க இடமில்லை. பச்சைமுத்து பிரேக்குத் தடியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் குனிந்து கட்டையை உருவினேன். என்னை யாரும் செய்யச் சொல்லவில்லை. எந்த விசேஷத்திலும் கூப்பிடாமலே முதலில் குனிகிறவன் நான்தான். குருக்கள் பழம் வைத்தார். அதிகாரியை இன்னும் காணவில்லை. முதலாளி, "ராகு காலம் வந்துடும். ஒரு சாண் நகத்தி பழத்த நசுக்கிடுங்க, பொறப்பாடு ஆனதா கணக்கு. மீதிய அவரு வந்தப்புறம் ஓட்டிக்கலாம்" என்றார். பச்சைமுத்து தடியைச் சற்றுத் தளர்த்தி ஒரு சாண் விட்டு மறுபடியும் அழுத்தினான். பழம் நசுங்கியது. மேளம் கொட்டினார்கள்.

அதற்குள் நான் கட்டையோடு வண்டியில் ஏறி முன் பெஞ்சில் என் மகள் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டேன். பச்சைமுத்து என்னைப் பார்த்து, "அண்ணே, கட்டைய கீழ யார்கிட்டயாவது குடுத்து வெக்கச் சொல்லுங்க. எத்தினி நேரம் அழுத்திக்கினு நிக்கறது, கை கடுக்குது" என்றான். நான் கொடுக்கத்தான் எழுந்தேன். அப்போது என் சம்சாரம், "பழம் நசுங்கின வண்டிக்கு முன்னால கட்டை வெப்பாங்களா? பொறப்பட்ட அன்னிக்கே மறிச்சி வெக்கிறதா?" என்றாள். வண்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். முதலாளியும் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பச்சைமுத்து மறுபடி கேட்டான். அதற்கு நான், "நாப்பது பேரு குந்திக்கினு இருக்கோம், இந்தக் கனத்துக்கு வண்டி எங்கடா நகரும்? நாலு மூட்டை ஏத்தினா மாட்டுவண்டியே நகர மாட்டேங்குது" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நான்கு பேர் சிரித்தால் போதும், வேறு எதுவும் காதில் விழாது. என் மகள் மட்டும் சிரிக்காமல், "குடுத்துடுப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். அது காதில் விழுந்தது. நான் கொடுக்கவில்லை.

அதன் பிறகு என் சம்சாரம் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு, கூரைக் காலுக்கு, பிரேக்குத் தடிக்கு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். என் மடியில் இருந்த கட்டைக்கும் சந்தனம் பூசி நடுவில் பொட்டு வைத்தாள். பிறகு எனக்கும் வைத்தாள்.

அதன் பிறகு முதலாளி, வண்டி ஓட்டுகிறவனுக்குப் புது வேட்டி கொடுத்து மரியாதை செய்யவேண்டும் என்று பச்சைமுத்துவைக் கீழே கூப்பிட்டார். அவன், தான் இறங்கினால் தடி நிற்காது என்று சொன்னான். முதலாளி, "ஜல்தி வாடா, பேஜாரு பண்ணாத, மணி ஆவுது" என்றார். பச்சைமுத்து தன் துண்டால் தடியை இழுத்துக் கட்டிவிட்டு என் மடியில் இருந்த கட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கினான். அவன் கைக்கு வேட்டி வந்தபோது வண்டி நகர்ந்தது.

ஓட்டம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். யாரோ முருகனுக்கு அரோகரா என்றார்கள். மேளக்காரர்கள் கெட்டிமேளமே கொட்டினார்கள். பச்சைமுத்து வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து எட்டித் தாவி ஏறினான். துண்டு அறுந்து கிடந்தது. தடியின்மேல் படுத்து அழுத்தினான். கனத்தால் நிற்கும் என்று நான் சொன்ன வண்டி கனத்தால்தான் ஓடியது. சரிவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அவன் ஒருவன்தான் "வெலகு, வெலகு" என்று கத்திக்கொண்டே வந்தான். ஏரிக்கரை வளைவில் மேளம் ஒன்று உருண்டு போனது. அவன் குதித்திருந்தால் தப்பித்திருப்பான். குதிக்கவில்லை.

மார்க்கெட் வாசலில் பூ விற்கும் சவுரியம்மாள் தண்டவாளத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கத்தலைக் கேட்டு எழுந்தவள் கூடையை எடுக்கத் திரும்பியதில் வண்டி தட்டி வலது கால் முறிந்தது. அதன் பிறகு வண்டி தண்டவாளக் கோடியில் இருந்த மண்மேட்டைத் தாண்டி நேராக என் கடைக்குள் போய் நின்றது. நான் ஆசைப்பட்டபடி அத்தனை பெண்களும் முதல் அடியை என் கடையில்தான் வைத்தார்கள். முதல் போணி அதுதான். எனக்குச் சிராய்ப்பு. என் சம்சாரத்துக்கும் மகளுக்கும் காயம் இல்லை. பச்சைமுத்துவுக்கு இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. வளையல் தூளில் நின்றுகொண்டு நான் மடியைப் பார்த்தேன். கட்டையை அணைத்துப் பிடித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, பச்சைமுத்து தகப்பன் பேச்சைக் கேட்டுக்கொண்டு கட்டையை எடுத்து எறிந்துவிட்டு வேண்டுமென்றே இறங்கிக்கொண்டான் என்று புகார் எழுதியாகிவிட்டதாகச் சொன்னார். நஷ்டப்பட்டவன் என்ற முறையில் நான் முதல் சாட்சி என்றும், கடையை முன்னைவிடப் பெரிதாகக் கட்டித் தருவதாகவும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பிறகு கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

அதன் பிறகு விழுப்புரத்தில் என் வீட்டில் நடந்தது. கட்டையைக் கட்டிலடியில் வைத்தேன். காலையில் அது தெருக்கதவுக்கு அண்டையாக இருந்தது. பரண்மேல் வைத்தேன். மறுநாளும் கதவடியில் இருந்தது. விறகோடு விறகாகப் போட்டேன். அதுவும் அப்படியே. என் மகள் வேளைக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் கிடையாது. நான் திண்டிவனத்துக்குப் போவேன், உடைந்த கடையைப் பார்ப்பேன், திரும்புவேன். ரயிலில்கூட இடம் இருந்தும் நின்றுகொண்டுதான் போய்வந்தேன். விக்கிரவாண்டியில் ஒரு நாள் காரணம் இல்லாமல் இறங்கி அடுத்த வண்டிக்கு ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் சவுரியம்மாளைப் போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டு போட்டுப் படுத்திருந்தாள். நான் கொண்டுபோன வளையலைப் பார்த்து, "காலு ஒடைஞ்சதுக்கு கைக்கு வளையலா சாமி?" என்று சிரித்தாள். பிறகு, "அந்தப் புள்ள கத்தலன்னா என்னிய பொறுக்கித்தான் எடுத்திருக்கணும். அவன புடிச்சி வெச்சிக்கினு இருக்காங்களாமே, ஏன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே வந்து யோசனையில்லாமல் ஒரு ஜட்காவில் ஏறினேன். விருத்தாசலம் வண்டி. இறங்கவும் முடியவில்லை. அவர் குதிரையைப் பார்த்தபடியே, "டிராம் வந்தா இதுக்கு கொள்ளு ஏதுன்னு நான் கேட்டது வாஸ்தவம்தான். அதுக்காவ பெத்த புள்ளய வுட்டு ஜனங்கள சாவடிப்பேனாங்க?" என்றார். ரயிலடியில் இறக்கிவிட்டுச் சவாரிக் கூலி வாங்காமல் போய்விட்டார்.

நேற்று நான் கோர்ட்டில் போய்ச் சொல்லலாமா என்று வீட்டில் பேச்செடுத்தேன். என் சம்சாரம், "போயி மாட்டிக்கினு வராத. வயசுப் பொண்ணு வீட்டுல இருக்கா" என்றாள். அதற்கு என் மகள் அத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்து, "வயசுப் புள்ள ஜெயில்ல இருக்கான், அம்மா" என்றாள். இன்று காலை என் சம்சாரம் எனக்கு வெள்ளை வேட்டி எடுத்து வைத்தாள்.

ஆகையால் கட்டையை உருவியது நான். திரும்ப வைக்காதே என்று நாங்கள் பலபேர் சொன்னோம், முதலாளியும் சொன்னார். கேட்டவனைக் கேலி செய்து கொடுக்காமல் வைத்துக்கொண்டது நான் ஒருவன். பச்சைமுத்து கேட்டான், இரண்டு தடவை கேட்டான். அவன் எதையும் எறியவில்லை. போலீசார் அந்தக் கட்டையை ஜட்காக்காரர்கள் வீடுகளில் தேடினார்கள். அது என் வீட்டில் இருந்தது.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மாஜிஸ்திரேட் அவர்கள் கேட்டதற்கு, பயம் என்று சொன்னேன். இப்போது பயம் போய்விட்டதா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொன்னேன்.

கட்டையை இத்துடன் ஆஜர் செய்கிறேன். ஒரு பக்கம் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமப் பொட்டும் இருக்கின்றன. வண்டி கிளம்புமுன் அது பூஜையில், என் மடியில் இருந்ததற்கு அதுவே அடையாளம். பொட்டு வைத்தது தன் விரல்தான் என்று என் சம்சாரமும் வந்து சொல்வாள். விழுப்புரத்திலிருந்து இங்கே வருகிறவரை இது இருந்த பையை என் மகள் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்டேன், கொடுக்கவில்லை. கோர்ட்டு வாசற்படியில்தான் என் கையில் கொடுத்தாள். இப்போதும் வாசலில் நிற்கிறாள்.

நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அத்தனையும் நிஜம் என்று ஒப்புக்கொண்டு, இதற்காகவாவது நாற்காலியில் உட்காரும்படி சொன்னதன்பேரில், உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) மு. தாண்டவராயன்