குடிக்க உகந்தது

மனு எழுதும்போது தாளின் இடதுபுறம் இரண்டு விரல் அகலம் ஓரம் விட வேண்டும். கோப்பில் துளையிட்டுக் கட்டினாலும் எழுத்து மறையாது. எட்டாம் வகுப்புத் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தது இது. இந்த வாக்குமூலத்தையும் அப்படித்தான் எழுதுகிறேன், ஐயா. நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அதற்கு முன்னால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பாண்டிச்செல்வம். வயது ஐம்பத்தேழு. இருபத்தாறு வருடமாகத் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறேன். எங்கள் கீழவெள்ளூரணியில் யார் மனுப் போட்டாலும், பதில் வரவேண்டிய முகவரியாக என் வீட்டைத்தான் எழுதுவார்கள். பகலில் ஊரே அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போய்விடும். பதிவுத் தபால் வந்தால் வாங்க ஆள் இருக்காது. என் மனைவி குருவம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் படித்துச் சொல்வேன். இதுவரை யாரும், "சரியாப் படிச்சீகளா?" என்று என்னைக் கேட்டதில்லை.

ஊருக்கு வடக்கே கரிசல் காட்டில் எரிவாயுவுக்குச் சோதனைக் கிணறு போட்டது உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் மணலும் ரசாயனமும் கலந்து பூமிக்குள் அழுத்தி, பாறையைப் பிளந்து வாயு எடுப்பது முறை என்றார்கள். அடுத்த வருடமே எங்கள் போர்த் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. சோறு வடித்தால் கஞ்சியில் நுரை நின்றது. குளித்த பிள்ளைகள் உடம்பைச் சொறிந்தார்கள்.

எரிவாயுக் கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். என்ன ரசாயனம் கலக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டு ஜெயபாண்டி கேட்டான். அது கம்பெனி ரகசியம், வெளியே சொல்ல முடியாது என்றார் வந்தவர். வேறு ஊராக இருந்தால் சண்டை வந்திருக்கும். எங்கள் ஊரில் பாதிப் பேர் சரிதான் என்று தலையாட்டினார்கள். ஜெயபாண்டியின் தாய் இருளம்மாளே மகனை அடக்கினாள்.

"ஏலே, உக்காரு. நம்ம பட்டாசுக் கம்பெனி போர்மேன் பச்சைக் கலர் மருந்துக்கு என்ன கூட்டுதான்னு பெத்த மகன்ட்டயாவது சொல்லுவானா? தொழில்காரன் சொல்ல மாட்டாம்லே."

"போர்மேன் மருந்தை நம்ம குடிக்கலையே, அத்தை" என்றாள் அவள் மருமகள் நாகஜோதி.

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து அவளுக்கு அப்போது நான்காம் மாதம். தகவல் உரிமைச் சட்டத்தில் அவள் பெயரிலேயே உங்கள் அலுவலகத்துக்கு மனுப் போட்டோம். என்ன ரசாயனம், ஊர்த் தண்ணீரைச் சோதித்தீர்களா, முடிவு என்ன என்று கேட்டிருந்தோம். நான் எழுதியவற்றில் நல்ல மனு அது.

அந்த மாதம்தான் என் மகள் கற்பகவல்லிக்கு விருதுநகரில் ஓர் இடம் கூடி வந்தது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிக் கேள்விப்பட்டு விலகிப் போயிருந்தன. இரண்டாவது முறை அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தாயார் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய், "என்னங்க, வாடை அடிக்குது?" என்றார்.

"தொட்டி கழுவியிருக்காக. பிளீச்சிங் பவுடர்" என்றேன்.

அவர் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்தார். ஆனாலும் தட்டு மாற்றினார்கள்.

ஆறு நாள் கழித்து உங்கள் அலுவலகத்தின் பதில் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். ரசாயனப் பெயர்களை மை வைத்து அழித்திருந்தீர்கள். நான்காம் பக்கத்தை மட்டும் அழிக்க மறந்திருந்தீர்கள். அதில் பென்சீன், பேரியம் இரண்டும் அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு என்று இருந்தது. இந்த நீர் குடிக்க உகந்ததல்ல, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உடனே மாற்று ஏற்பாடு தேவை என்றும் இருந்தது. சோதித்த தேதி ஏழு மாதத்துக்கு முந்தியது. குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை.

முகூர்த்தத்துக்கு எழுபது நாள் இருந்தது. ஊர்த் தண்ணீர் விஷம் என்று செய்தித்தாளில் வந்தால், அதைக் குடித்து வளர்ந்த பெண்ணை யார் எடுப்பார்கள்? ஊர் இரண்டு வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தது. அதோடு எழுபது நாள் சேர்வது பெரிதாகத் தெரியவில்லை. கடிதத்தை மகளின் ஜாதக உறைக்குள் வைத்தேன். நாகஜோதி கேட்டபோதெல்லாம் "வரும்மா" என்றேன்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வந்தது. இருளம்மாள் எனக்கு மதினி முறை, சும்மா விடுவாளா?

"என்ன கொளுந்தனாரே, சம்பந்தம் கூடினதும் நாக்கு விருதுநகரு நாக்கா ஆயிருச்சோ?"

"கிட்னில கல்லுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மதினி."

"கல்லு ஒமக்கு. பொண்டாட்டி, மக எல்லாத்துக்குமா கல்லு? வீடு கட்டிருவீக போலயே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் நாகஜோதி வாசலில் நின்று, போர்த் தண்ணீர் குமட்டுகிறது, ஒரு செம்பு கேன் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டாள். குருவம்மாள் எழுந்தாள். கேன் காலி என்று நான் சொல்லிவிட்டேன். இன்று கொடுத்தால் நாளையும் கேட்பாள். நாளை மறுநாள், ஏன் இதைக் குடிக்கிறீர்கள் என்று கேட்பாள்.

அவள் வயிற்றோடு ஒன்றரை மைல் நடந்து பக்கத்து ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தாள்.

"மாமா, திங்கக்கிழமை பாட்டில்ல நம்ம தண்ணியப் பிடிச்சுக்கிட்டு விருதுநகரு போகப் போறோம். கலெக்டரு மொகத்துக்கு நேரா மோந்து பாக்கச் சொல்லணும். ஒரு மனு மட்டும் எழுதித் தாங்க."

குறைதீர் கூட்டத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். சம்பந்தி வீடு அங்கிருந்து இரண்டு தெரு. முகூர்த்தத்துக்கு முப்பத்தெட்டு நாள்.

சனிக்கிழமை டைப்பிங் கடைக்குப் போனேன். அலுவலகங்கள் எப்படி எழுதும் என்பது எனக்கு மனப்பாடம். பொருள், பார்வை, கோப்பு எண் எல்லாம் போட்டேன். முத்திரையையும் கையொப்பத்தையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்து ஒட்டி நகல் எடுத்தேன். 'தங்கள் ஊர் நிலத்தடி நீர் அனுமதிக்கப்பட்ட அளவுகளுக்குள் உள்ளதால் குடிக்க உகந்தது எனத் தெரிவிக்கப்படுகிறது' என்று தமிழிலேயே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து படித்தேன்.

"நெசமாவா மாமா? மாசமா இருக்கவ குடிக்கலாம்னு போட்டிருக்கா?"

அப்படி ஒரு வரி அதில் இல்லை.

"போட்டிருக்கும்மா" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். திங்கட்கிழமை யாரும் விருதுநகர் போகவில்லை. மற்ற பெண்களும் நடப்பதை நிறுத்தினார்கள். அந்தக் கடிதத்தை நாகஜோதி லேமினேட் செய்து வைத்துக்கொண்டாள்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. மறுநாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தாலி கட்டியபின் திருப்பி அனுப்பிய வீடுகளும் உண்டு, ஐயா. மறுவீடு முடியட்டும் என்று இருந்தேன். இருபத்து மூன்றாம் நாள் நாகஜோதிக்கு வயிற்றில் அசைவு நின்றது. பெண் குழந்தை, இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரிப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. இதைத் தாங்கள் பதிவு செய்ய வேண்டும்.

குடிதண்ணீர் எப்படி என்று அங்கே டாக்டர் கேட்டிருக்கிறார். அவள் அந்தக் கடிதத்தைப் பெருமையாகக் காட்டியிருக்கிறாள். அவர் நகலெடுத்து உங்களுக்கு அனுப்பி, கோப்பு எண் உங்களுடையது அல்ல என்று நீங்கள் கண்டுபிடித்து, எட்டு மாதம் கழித்து என்னை அழைத்திருக்கிறீர்கள். விசாரணை முடியும்வரை ஊருக்குள் எந்தத் தகவலையும் சொல்ல மாட்டோம் என்றும் சொன்னீர்கள்.

ஆம். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். என்ன எழுதுகிறேன் என்று தெரிந்தே எழுதினேன். அசல் நான்கு பக்கத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கற்பகவல்லிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. பேறுகாலத்துக்கு ஊருக்கு அழைத்துவர மாட்டேன். ஆஸ்பத்திரி பக்கம் என்று சொல்லி விருதுநகரிலேயே வீடு பார்த்துவிட்டேன். ஊருக்கு அறிவிக்க வேண்டியது கடமைதான், அதை முறைப்படி நானே எழுதித் தருகிறேன். தேதியை மட்டும் அவள் பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். நாகஜோதி மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று குருவம்மாள் சொன்னாள். அவளுக்கு இப்போதுதான் இரண்டாம் மாதம்; இன்னும் அவகாசம் இருக்கிறது.