மாடியில நாற்காலி இழுக்கறவர் குடும்பம்

நடுவர் அவர்களே, பெருநகரம் குடுக்கற விலைக்குத் தகாதுன்னு எதிரணி நண்பர் இவ்வளவு நேரம் பட்டியல் வாசிச்சாரு. சென்னையில வாடகை இவ்ளோ, தண்ணி லாரிக்கு இவ்ளோ, ஆபீஸ் போக வர மூணு மணி நேரம்... எல்லாம் நிஜம். நான் ஒண்ணையும் மறுக்கல. அந்தத் தாளை மடிச்சு கொஞ்ச நேரம் பாக்கெட்ல வைங்க சார். ஒரு கல்யாணக் கதை சொல்றேன், சின்னதுதான்... கேளுங்க.

மடிப்பாக்கத்துல ஒரு அபார்ட்மெண்ட். இருபத்தி நாலு வீடு. ரெண்டாவது மாடியில சிங்காரவேலு. அறந்தாங்கிக்காரர், வந்து ஒம்பது வருஷமாச்சு. பொண்ணு தேன்மொழிக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்தாச்சு. நம்ம பழக்கம் என்ன? கவர் மேல பேர் எழுதாம பத்திரிகை குடுப்போமா? மாட்டோம். மனுஷன் பேனாவை எடுத்து உக்காந்தாரு. ஊர்ப் பத்திரிகை நூத்தம்பது... மடமடன்னு எழுதித் தள்ளிட்டாரு. அடுத்தது அபார்ட்மெண்ட். பேனா நின்னு போச்சு.

"மங்கை, மேல் வீட்டுக்காரர் பேர் என்ன?"

அவர் சம்சாரம் மங்கையர்க்கரசி சொல்றாங்க, "யாருக்குத் தெரியும்? காலங்காத்தால நாற்காலி இழுப்பாரே, அவரையா கேக்கறீங்க?"

ஒம்பது வருஷம்யா... ஒரு பேர் தெரியல! என்ன பண்ணாரு? பேனாவை வச்சுட்டு பென்சிலை எடுத்தாரு. அப்புறமா விசாரிச்சு, அழிச்சுட்டு சரியா எழுதிக்கலாம்னு, ஒரு அடையாளத்துக்குக் குறிச்சு வச்சாரு. 'மாடியில நாற்காலி இழுக்கறவர் குடும்பம்.' 'நாய்க்காரம்மா.' 'வேனைக் குறுக்க நிறுத்தறவன்.' கவனிச்சீங்களா... நிறுத்தறவர் கூட இல்ல, நிறுத்தறவன்.

குறிச்சு வச்சுட்டு, ஊர்ல நேர்ல அழைக்கணுமேன்னு அறந்தாங்கிக்கு பஸ் ஏறிட்டாரு. இங்க அந்தம்மா பாத்தாங்க. கவரெல்லாம் எழுதி அடுக்கியிருக்கு, நாளும் நெருங்குது. கண்ணாடி கூடப் போடல. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "பக்கிரி, இதை எல்லா வீட்டுலயும் குடுத்துடுப்பா"ன்னுட்டாங்க. பக்கிரி ஒவ்வொண்ணா எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. அவருக்கு ஒரு சந்தேகமும் வரல. எந்தக் கவர் எந்த வீடுன்னு உடனே புரிஞ்சுது. ஒரு வீடு மாறாம குடுத்துட்டாரு.

சிங்காரவேலு திரும்பி வந்து விஷயம் கேட்டு, தலையில கை வச்சுட்டாரு. அன்னையிலேருந்து லிஃப்ட்ல ஏறறதில்ல. யாராவது கூட ஏறிட்டா? படியிலதான். "ஒருத்தரும் வரமாட்டாங்க மங்கை. வராட்டிப் போகட்டும். நம்ம சனம் ரெண்டு பஸ்ல வருதுல்ல"ன்னு தன்னைத்தானே தேத்திக்கிட்டாரு.

கல்யாண நாள் வந்துது. மழை... நம்ம சென்னை மழை. ரெண்டு பஸ்ஸும் பெருங்களத்தூர்ல முட்டளவு தண்ணியில நின்னு போச்சு. மங்கையோட தம்பி, பொண்ணுக்குத் தாய்மாமன், போன்ல கத்தறாரு. "மச்சான், பஸ் நகர மாட்டேங்குது. நான் வராம தாலி கட்டிடாதீங்க மச்சான்."

மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நிறைஞ்சு கிடக்கு. பொண்ணு வீட்டுப் பக்கம்... நாலு பேர். சம்பந்தி அம்மா மெதுவா கேக்கறாங்க, "ஏங்க, உங்க மனுஷங்க யாரும் வரலையா?" மணி எட்டே முக்கால். பத்தரைக்கு முகூர்த்தம் முடியுது. தேன்மொழி வாசலையே பாத்துக்கிட்டிருக்கு. பெத்தவனுக்கு எப்படி இருக்கும்? சிங்காரவேலுக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்ப வாசல்ல ஒரு குடை... அது பின்னாடி இன்னொரு குடை... வரிசையா குடை. முன்னாடி வந்தவர் கையில நனைஞ்ச கவர். நேரா வந்து நின்னாரு.

"வணக்கம் சார். மாடியில நாற்காலி இழுக்கறவர் குடும்பம். என் பேர் தாமோதரன். அம்மாவுக்கு நடக்க முடியாது சார், காலையில ஜன்னல் பக்கத்துல உக்கார வைப்பேன். கீழே கேக்கும்னு தெரியாம போச்சு."

பின்னாலேயே ஒரு அம்மா. "நான்தான் நாய்க்காரம்மா. ஸ்டெல்லா. தனியாத்தான் இருக்கேன். நான் அங்க இருக்கறது ஒருத்தருக்காவது தெரியும்னு, இந்தக் கவரைப் பாத்தப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது."

மூணாவது ஆள் தலையைச் சொறியறாரு. "நிஜாமுதீன். குறுக்க நிறுத்தறவன். இப்பவும் மண்டப வாசல்ல குறுக்கதான் நிறுத்தியிருக்கேன்... ஆமா, பொண்ணு பக்கம் ஏன் காலியா கிடக்கு?"

விஷயத்தைச் சொன்னாரு சிங்காரவேலு. "பெருங்களத்தூரா? அங்க எந்தத் தெருவுல தண்ணி நிக்கும், எதுல நிக்காதுன்னு எனக்கு அத்துப்படி சார்"னு சொல்லிட்டு, அந்த மனுஷன் சாப்பிடக்கூட இல்ல... வேனை எடுத்துட்டுப் போயிட்டாரு.

இங்க வந்திருந்த இருபது வீட்டு ஜனமும் பொண்ணு பக்கம் உக்காந்தாச்சு. இடம் பத்தல. தாமோதரன் நாற்காலி இழுத்து இழுத்துப் போடறாரு. அந்தச் சத்தம் சிங்காரவேலுக்கு நாதஸ்வரத்தை விட நல்லா கேட்டுச்சுங்க! பத்து இருபதுக்கு வேன் வந்து நின்னுது. தாய்மாமன் நனைஞ்ச வேட்டியோட ஓடி வர்றாரு. தாலி ஏறிடுச்சு.

சம்பந்தி அம்மா கேட்டாங்க, "இவங்கள்லாம் உங்க சொந்தமா?" சிங்காரவேலு சொன்னாரு, "எங்க மனுஷங்கம்மா."

யோசிச்சுப் பாருங்க. ஊர்ல நூத்தம்பது வீட்டுப் படி ஏறினவர், தன் தலைக்கு மேல இருக்கற வீட்டுக்கு ஒரு படி ஏறல. எதிரணி நண்பர் கேக்கறாரு, பெருநகரம் குடுக்கற விலைக்குத் தகுமான்னு. விலை கூடத்தான் சார், ஒத்துக்கறேன். ஆனா எதுக்கு அந்த விலை? இத்தனை விதமான மனுஷங்களை ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டு வந்து வச்சிருக்கே, அதுக்கு! நாம என்ன பண்றோம்? விலையை முழுசா குடுத்துட்டு, வாங்கின சாமானைக் கடையிலேயே விட்டுட்டு வந்து கதவைப் பூட்டிக்கறோம். அப்புறம் ஏமாந்துட்டோம்னு புலம்பறோம்.

இன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்க. பேர் கேக்கக் கூச்சமா இருந்தா, உங்க பேரை முதல்ல சொல்லுங்க. சீக்கிரம் சொல்லிடறது நல்லது. ஏன்னா... அந்த வீட்டுல உங்களுக்கும் ஒரு பென்சில் பேர் இருக்கு.