மடியில் இருந்த வெள்ளி

"லண்டன்ல வெள்ளி விழுந்துருச்சு ஆத்தா, அதான் நகைக்கடைச் செட்டியாரு வெலையக் கொறைச்சுட்டாரு" என்றார் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கம்பம் கடைத்தெருவில், தேனிக்கு மாட்டுவண்டி பூட்டுவதற்காகக் காத்திருந்தோம்.

கொழுந்து பறிக்கும் அந்த அம்மாள் மேற்கு மலையை அண்ணாந்து பார்த்தாள். "நேத்துப் பொழுதடைய அங்கனதானே மின்னுச்சு?"

"வானத்து வெள்ளி இல்ல, உன் கையில இருக்குற தண்டை. வெள்ளி வெல எறங்கிருச்சு."

"அப்பத் தோட்டத்துத் தொரைக்கும் நட்டந்தானே?"

"அவுகளுக்கு என்ன நட்டம்? தேயிலைய லண்டன்ல தங்கப் பவுனுக்கு விக்கிறாக. உனக்குக் கூலி வெள்ளி ரூவாயில குடுக்காக. வெள்ளி எறங்க எறங்க, ஒரு பவுனுக்குக் கூடுதலா ரூவா கெடைக்கும்ல?"

"அப்பக் கூலியக் கூட்டுவாகளா?"

கணக்கப்பிள்ளை சிரித்தார். "நல்லாக் கேட்ட போ! கூலி அதேதான்."

அவள் தண்டையை மடியில் முடிந்தாள். "அடுத்த மாசம் மக கல்யாணம். அரிசி வாங்க இத விக்க வந்தேன். மூணு வருசக் கூலி இது. இன்னிக்கி வரைக்கும் மடிய விட்டு எடுக்கவே இல்லையே, எப்படிய்யா விழுந்துச்சு?"

வண்டிக்காரர் கூப்பிட, அவர் போய் ஏறிக்கொண்டார்.

என் மகளுக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு என் பெட்டியில் இருந்தது. தேனி வரும்வரை பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தும் இறக்கி வைக்க மனம் வரவில்லை.