பாப்பாவைக் காட்டாத சனிக்கிழமைகள்

கைக்குழந்தையோடு பஸ் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

அக்கா ஸ்வீட்லினும் அத்தான் பெனினும் பிரிந்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் பாப்பாவை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டின் உத்தரவு. அக்காவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. அத்தான் முகத்தில் விழிக்கவும் மனமில்லை. அதனால் நான்தான் தூக்கிப்போவேன். கோர்ட் வாசலில் அத்தான் பாப்பாவுக்குப் பால்கோவா வாங்குவார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு மட்டுந்தானா? வீட்டுக்காரம்மா பாத்துக்கிட்டே நிக்காவ பாருங்க," என்றார் கடைக்காரர், என்னைக் காட்டி.

அத்தான் சிரித்தார். மறுக்கவில்லை.

பிறகு அக்காவையே விசாரிக்கத் தொடங்கினார். "நேரத்துக்குச் சாப்பிடுதாளா? ஒரு வார்த்தை பேசச் சொல்லு, நான் வந்து கூட்டிட்டுப் போயிருதேன்." அப்போது அவர் குரல் மாறிவிடும். நீ சாப்பிட்டாயா என்று என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

அதையெல்லாம் நான் அக்காவிடம் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து பாப்பாவோடு பிளவக்கல் அணைக்குப் போனேன். சாயங்காலம் அக்காவிடம், அத்தான் பார்த்துவிட்டுப் போனார் என்றேன். அத்தானிடம் போனில், அக்கா அனுப்ப மாட்டேன் என்கிறாள் என்றேன். பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

அத்தான் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டார். உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தால்தான் அவமதிப்பு என்று அவருடைய வக்கீல் சொன்னார். அதற்குச் சாட்சி தேவைப்பட்டது. அக்கா அந்தச் சனிக்கிழமைகளில் பாப்பாவை அனுப்பவே இல்லை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தேன்.

"ஏட்டி, நீதான தூக்கிட்டுப் போன? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுட்டி," என்று கோர்ட் வராந்தாவில் அக்கா கேட்டாள். நான் பாப்பாவின் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள். நீதிபதி அவகாசமும் கொடுத்தார். "செய்யாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு?" என்றாள் அக்கா. அவளைச் சிறைக்கு அனுப்பியது அவள் பிடிவாதம்.

பாப்பா இப்போது அத்தான் வீட்டில். பார்த்துக்கொள்ள நானும் அங்கேதான். சோறு போட்டால் அழுகிறார். "பிள்ளையப் பாக்கணும்னுதான கேட்டேன். அவள உள்ள தள்ளவா கேட்டேன்?" நாளைக்குச் சிறைக்குப் போய் அவளைப் பார்க்கப் போகிறாராம்.

அலைய வேண்டாம் என்றேன். நானே போய், அத்தானுக்கு இனி அவளைப் பார்க்க இஷ்டமில்லை என்று பக்குவமாகச் சொல்லிவிடுவேன். இந்த நேரத்தில் கூடப்பிறந்தவள் நானும் பக்கத்தில் இல்லையென்றால் அக்கா தாங்கமாட்டாள்.