தனியறையில் ஒரு நாள்: கமர் நிஷா அம்மையாருக்கு

அஞ்சி வந்தோர்க்கு அருந்துணையே! அயராது உழைத்த அன்புக் கரமே! கும்மிடிப்பூண்டி மருத்துவமனையின் பெண்கள் வார்டில் பதினைந்தாண்டுகள் ஆயாவாகப் பணிபுரிந்து, இன்று ஓய்வு பெறும் பழவேற்காடு கமர் நிஷா அம்மையாரே! வணக்கம்.

தங்கள் பண்புகளைப் பட்டியலிட்டால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

மூன்றாண்டுக்கு முன் எளாவூர் கங்கம்மாவுக்குக் கருப்பைவாயில் புற்று என்று கண்டார் டாக்டர் தணிகாசலம். ரேடியம் சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்பினார். உடலுக்குள் ரேடியம் வைத்த பின் ஒரு நாள் முழுவதும் தனியறையில் அசையாமல் கிடக்க வேண்டும். துணைக்கு எவரும் இருக்கலாகாது. அங்கே அதைக் கேட்டதுமே கங்கம்மா ரயிலேறித் திரும்பிவிட்டார்.

"செத்தாலும் எங்க ஊட்லயே சாவறேம்மா. அங்க தனியா கெடந்தா பயத்துலயே உசுரு பூடும்" என்று தங்களிடம் அழுதார்.

தாங்கள் கடிந்துகொள்ளவில்லை. அவர் கையைத் திருப்பி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே தள்ளி, இரு நரம்புகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினீர்கள். இளவயதில் தாங்கள் ரங்கூனில் வாழ்ந்தபோது பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியிடம் கற்றது அது.

"இது நோவ தீக்காது கங்கம்மா, பொய் சொல்ல மாட்டேன். நோவுக்கு ரேடியந்தான். இது பயத்த கொஞ்சம் அடக்கும், அவ்ளோதான். மூச்ச மெதுவா வுடு."

டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். நூற்றிருபதாகத் துடித்தது, கால்மணி நேரத்தில் தொண்ணூறாக இறங்கியது. "எப்படின்னு எனக்குத் தெரியல. நீங்களும் கூடப் போய்ட்டு வாங்கம்மா" என்றார்.

அறை வாசலோடு தங்களை நிறுத்திவிடுவார்கள். அதனால் கங்கம்மா தன் கையைத் தானே அழுத்திக்கொள்ள ரயிலிலேயே பழக்கினீர்கள்.

கதவு மூடியதும் கங்கம்மாவுக்கு மூச்சு முட்டியது. எழுந்தோடத் தோன்றியது. விரல் இடம் தவறியது. தடவித் தேடிக் கண்டுபிடித்தார். அழுத்தினார், விட்டார், கை மாற்றினார். பயம் போய்விடவில்லை, படுத்திருக்க முடிகிற அளவுக்குச் சுருங்கியது. மறுநாள் நர்சு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பித்தான் முடிந்ததென்று சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் இங்கிருந்து சென்னைக்குச் சென்ற பதினொரு பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தீர்கள். நால்வர் இன்று உயிரோடு இல்லை. ஆனால் ஒருவரும் பாதியில் ஓடிவரவில்லை.

ஓயாதுழைத்த தங்கள் கைகள் இனியேனும் ஓய்வறிக! உப்பங்கழிக் காற்றில் உடல்நலமும் உள்ள நிறைவும் பெற்று, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ்க!

இவ்விழாவுக்குக் கங்கம்மாவை அழைத்தோம். அவர் சொல்லியனுப்பியதை அப்படியே எழுதுகிறோம்: "நடவு நடக்குது, வரத் தோதில்ல. இன்னிக்கு வுட்டா நாத்து வாடிப்பூடும். அம்மாகிட்ட சொல்லிடுங்க."

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றிய
மருத்துவமனை ஊழியர்கள்
கும்மிடிப்பூண்டி, புரட்டாசி 1958